அங்கே சீசன், இங்கே ஆஃப் சீசனா?

நம் சங்க மலரில் கதையும் கவிதையும் எழுதுகிறவர்கள் பலர் உண்டு. எனக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, கல், ஜல்லி, தண்டவாளம், பாலம் என்று காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் ஆடி மாதம் நெருங்கும்போதெல்லாம் மனத்தில் உறுத்துகிற ஒரு விஷயத்தை இந்த முறை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

மட்டாஞ்சேரியில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஊரிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "கொச்சிக்கு எப்போ வரலாம்?" என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். "டிசம்பர்ல வாங்க. ஜூன், ஜூலைல வந்துராதீங்க. ஒரே மழை. அது ஆஃப் சீசன்." நீங்களும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இந்தப் பதில் தவறு என்பதே என் தாழ்மையான கருத்து.

என்னை மாற்றியவர் என் அத்தான். தென்காசியில் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு ஆடி பிறந்த நான்காம் நாள், "மாப்ளே, நாங்க ஏழு பேர் பாலருவி எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு" என்றார். நான் பதறிப்போய், "அத்தான், இப்ப ஆஃப் சீசன். கடற்கரைக்குப் போக முடியாது, வெளியில கால் வைக்க முடியாது" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தென்காசிக்காரன்கிட்ட மழையைக் காட்டிப் பயமுறுத்துறீங்களா? இந்த மழையைப் பாக்கத்தானே மெட்ராஸ்ல இருந்தும் மதுரையில இருந்தும் குத்தாலத்துக்கு வர்றான். எங்களுக்கு இது சீசன். மலைக்கு அந்தப் பக்கம் போனா ஆஃப் சீசன் ஆயிருமா?"

யோசித்துப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கையிலிருப்பதில் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. மிச்சம் மீதி ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் நழுவி வருவதுதான் குற்றாலச் சாரல். அந்த மிச்சத்துக்கு நாம் சீசன் என்று பெயர் வைத்து, சாரல் விழா நடத்தி, கூட்டம் கூட்டமாகப் போய்த் தலையை நீட்டுகிறோம். முதல் தவணையாகக் கொட்டுகிற இடத்துக்கு மட்டும் ஆஃப் சீசன் என்று பெயர். மழை ஒன்றுதான், மேகம் ஒன்றுதான். பெயரை வைத்தது வியாபாரிகளின் கணக்குப் புத்தகம். நம் ஊர் ஜவுளிக் கடைக்காரர்களும் இதைத்தானே செய்தார்கள்? ஆடியில் கல்யாணம் கிடையாது, விற்பனை படுக்கும் என்று தள்ளுபடி போட்டார்கள். இன்று ஆடித் தள்ளுபடியே ஒரு சீசன் ஆகிவிட்டது.

அத்தான் குடும்பம் வந்தது. என் வீட்டில் இரண்டு அறைகள். அதில் ஒன்றில் ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. அக்காவையும் அத்தானையும் வீட்டில் வைத்துக்கொண்டு, அவர்கள் மகன் குடும்பத்துக்கு ஃபோர்ட் கொச்சியில் ஒரு சிறிய விடுதியில் அறை பார்த்தேன். டிசம்பரில் நாலாயிரம் ரூபாய் வாங்கும் அறைக்கு ஜூலையில் இரண்டாயிரம் என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். எனக்கு ரயில்வே டெண்டர் காலத்துப் பழக்கம் விடவில்லை. "காலியாகத்தானே கிடக்கிறது" என்று பேசிப் பேசி ஆயிரத்து நானூறுக்குக் கொண்டுவந்தேன். பெருமையாக இருந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "சாரே, டிசம்பர்ல நாலாயிரம் சொன்னா யாரும் பேரம் பேசறதில்லை. மழைக்காலத்துல பாதி விலை சொன்னாலும் இன்னும் பாதி கேக்கறாங்க. எனக்கு அரிசிக் கடைக்காரன் மட்டும் ஆஃப் சீசன் விலை போடறதில்லை." நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றால் மிகையாகாது. மூன்று நாள் கழித்துக் கணக்கு முடிக்கும்போது அவர் முதலில் சொன்ன தொகையையே கொடுத்தேன். அவர் வாங்க மறுத்ததும் நான் வற்புறுத்தியதும் தனிக் கதை.

நிற்க. மழைக்காலக் கொச்சியில் எது கிடைக்காது என்பதை ஒளிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் குளியல் கிடைக்காது. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை ஏற்கெனவே அரிப்பால் குறுகிப்போனது. மழைக்காலத்தில் இருக்கிற மணலும் பல இடங்களில் காணாமல் போகும். வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்கள் திறந்திருக்கும் காலம் அது. வெள்ளத்தோடு ஆகாயத்தாமரை மூட்டை மூட்டையாக மிதந்து வந்து கரையிலும் சீன வலைகளிலும் ஒதுங்கும். காற்று பலமானால் படகுப் போக்குவரத்தை நிறுத்துவார்கள். படத்தில் பார்த்த நீலக் கடலைத் தேடி வருகிறவர்கள் டிசம்பரிலேயே வரட்டும்.

இதில் எனக்கு ஒரு பாடமும் கிடைத்தது. வந்த இரண்டாம் நாள் மாலை மழை விட்டிருந்தது. கடற்கரை நடைபாதையில் நின்றுகொண்டிருந்தோம். அத்தானின் பேரன், ஒன்பது வயது, "தாத்தா, கால் மட்டும் நனைச்சுக்கிறேன்" என்றான். நானும் தலையாட்டினேன். ஒரு அலை வந்தது, முழங்கால்தான். அது திரும்பிப் போகும்போது பையன் நின்ற இடத்து மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. அவன் விழுந்ததை நான் பார்க்கும் முன்பே உயிர்காப்பாளரின் விசில் கேட்டது. அவரும் அருகில் நின்ற ஒரு மீன்காரரும் பாய்ந்து பையனைத் தூக்கினார்கள். இரண்டு மூக்கு உப்புத் தண்ணீரோடு போயிற்று. உயிர்காப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில், "வயசு ஆகியும் தெரியலையே" என்று இருந்தது. அவர் கேட்காதது அவர் மரியாதை. ஆகவே இதை எழுத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடலைக் கரையிலிருந்து பாருங்கள். கால் நனைப்பதும் வேண்டாம்.

கடலுக்கே அது ஓய்வுக் காலம். 1988 முதல் கேரள அரசு மழைக்காலத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடை விதித்து வருகிறது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாட்கள். மீன் இனம் பெருக வேண்டும் என்பது நோக்கம். நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் அந்த நாட்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அந்தப் படகுகளில் உழைக்கிறவர்களில் கணிசமானவர்கள் குமரி மாவட்டத்துத் தமிழர்கள். அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். நாம் விடுமுறைக்கு ஊர் போவதுபோல் அல்ல; அவர்களுக்கு அது சம்பளமில்லாத விடுமுறை.

ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்துக்கே ஆஃப் சீசன் இருந்தது. முகத்துவாரத்தில் பாறைபோல் இறுகிக் கிடந்த மணல் திட்டைத் தாண்டிப் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. வெளிக்கடலில் நின்றுதான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். மழைக்காலக் கொந்தளிப்பில் அது ஆகிற காரியமா? 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டிக் கால்வாய் அமைக்கும் வேலையை நடத்தினார். 1928இல் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியதுதான் வெல்லிங்டன் தீவு. ஆண்டு முழுவதும் இயங்கும் துறைமுகமாகக் கொச்சி மாறியது இப்படித்தான். அந்தத் தீவில் இருந்த துறைமுக முனைய நிலையத்துக்கு வெண்டுருத்திப் பாலத்தின் வழியே ரயில் வந்துகொண்டிருந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறையும்.

சரி, மழைக்காலத்தில் என்னதான் பார்ப்பது? மட்டாஞ்சேரியைப் பார்க்கலாம். இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. டச்சு அரண்மனை என்று எல்லோரும் சொல்வதைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள், 1555 வாக்கில். டச்சுக்காரர்கள் செய்தது பின்னால் பழுதுபார்த்ததுதான். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. பாதைப் பராமரிப்புக்காரனாகிய எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. பராமரித்தவனின் பெயர் நிலைத்த இடம் உலகத்தில் அதிகம் இல்லை! அங்கே சுவர் முழுக்க இராமாயண ஓவியங்கள். நம் ஆடிதான் மலையாளத்தில் கர்க்கடகம். அந்த மாதம் வீடுகளில் இராமாயணம் வாசிப்பது வழக்கம். காலையில் பக்கத்து வீட்டில் இராமாயண வாசிப்பைக் கேட்டுவிட்டு, பத்து மணிக்கு அரண்மனைச் சுவரில் அதையே பார்த்தபோது என் அக்கா அசந்துபோய் நின்றுவிட்டாள். டிசம்பரில் வந்திருந்தால் பின்னால் வருகிற கூட்டம் தள்ளியிருக்கும். அன்று அந்த அறையில் எங்களைத் தவிர மூன்று பேர்.

1568இல் கட்டிய யூதர் ஜெபக்கூடமும் அப்படியே. தரையில் பதித்திருக்கும் சீன நாட்டு நீல ஓடுகளைக் குனிந்து பார்க்க அமைதி வேண்டும். வெளியே வந்தால் யூதத் தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும். மழை ஈரத்தில் அந்த வாசனை இரண்டு மடங்கு. கடைக்காரர்களுக்கு வியாபாரம் குறைவு, பேச நேரம் அதிகம். ஒரு பெரியவர் எங்களை உட்காரவைத்து, மிளகில் எது தரம், எது பதர் என்று கையில் உருட்டிக் காட்டினார். அத்தான் கால் கிலோதான் வாங்கினார்; அரை மணி நேரம் பாடம் கேட்டார்.

குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் என்று இந்தச் சின்ன ஊரில் எத்தனை மொழி, எத்தனை கோயில், எத்தனை பள்ளிவாசல்! பிழைக்க வந்தவர்களால் ஆன ஊர் இது. நாமும் அந்த வரிசையில் ஒருவர் என்பதை நம் பிள்ளைகள் உணர, இந்தத் தெருக்களில் ஒரு நாள் நடந்தால் போதும்.

இங்கேதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர்ட் கொச்சி வெளி பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் சமூகத்தாரை அழைத்து வந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டடமும் துவைக்கும் தொட்டிகளும் 1976இல் வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தவை. நம் சங்கங்கள் தோன்றுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இங்கே வந்து, வீட்டில் தமிழை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் அவை. துணியைக் காயப்போடக் கிளிப் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் முனையைச் செருகிவிடுவார்கள், காற்றில் பறக்காது. என் அத்தான் மகன் அதைப் படம் எடுத்தான். டிசம்பரில் வருகிற எல்லோரும் அதே படத்தைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் நாங்கள் போன அன்று மைதானத்தில் கயிறு மட்டும்தான் இருந்தது, துணி இல்லை. மழை. துணியெல்லாம் உள்ளே கூரைக்கு அடியில் நெருக்கியடித்துத் தொங்கியது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் தமிழைக் கேட்டதும், "எந்த ஊருங்க?" என்றார். அத்தான் ஊரைச் சொன்னார். "வெயில் காலத்துல ரெண்டு மணி நேரத்துல காயற துணி இப்ப ரெண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது. விடுதியில ஆள் இல்லைன்னா விரிப்பும் வராது. வேலை கம்மி, அதுக்கு நேரம் ஜாஸ்தி" என்றார். ஒரு வரவுசெலவு அறிக்கையே அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மூன்று நாளைக்கு முன் நான் அறுநூறு ரூபாய் குறைத்த விடுதியின் விரிப்பும் இங்கேதானே வரக்கூடும் என்று எனக்குச் சுருக்கென்றது. மேலே நாம் பிடித்து இழுத்தால் கயிற்றின் கீழ் முனையில் யாரோ ஒருவர் கை வலிக்கிறது. இந்த முறை அது நம் சொந்த மொழி பேசுகிறவர் கை.

மழையில் ஊரைச் சுற்றிக் காட்டுவது பொறுப்பில்லாத செயல் என்று சிலர் சொல்லக்கூடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை யார் மறப்பார்? கொச்சி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. 2021 மே மாதப் புயலின்போது, இங்கிருந்து தெற்கே செல்லானத்தில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அதன் பிறகு அங்கே நாற்கால் கான்கிரீட் கட்டைகளால் சுமார் ஏழு கிலோமீட்டருக்குக் கடல் சுவர் கட்டினார்கள். சுவர் எழுந்த இடத்தில் மக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதற்கு வடக்கே கண்ணமாலிப் பக்கம் சுவர் வரவில்லையே என்று போராடினார்கள். அலை சுவரைத் தாண்டி எழும்புவதைப் படம் எடுக்க அங்கே காரில் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். யாருடைய வீட்டுக்குள் தண்ணீர் போகிறதோ, அவருக்கு அது காட்சியாகாது.

ஆகவே பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்கு ரயில்வேயில் நாங்கள் கற்ற பதில் வேறு. 1988 ஜூலை 8 அன்று பெருமண் பாலத்தில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் மாண்டபோது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் மழைக்கால ரோந்துப் பட்டியலில் கையெழுத்திடும்போது அந்த எண் நினைவுக்கு வரும். கையில் விளக்கும் கொடியும் பட்டாசுமாக இரவெல்லாம் தண்டவாளத்தில் நடக்கும் ரோந்துக்காரரை நம்பித்தான் நீங்கள் மேல் படுக்கையில் தூங்குகிறீர்கள். கொங்கண் ரயில் பாதையில் 2003 ஜூன் 22 அன்று வைபவ்வாடி அருகே விடுமுறைக் காலச் சிறப்பு வண்டி ஒன்று பாறைச் சரிவால் தடம்புரண்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு இன்னொரு விபத்து. அதற்காகப் பாதையை மூடிவிட்டார்களா? இல்லை. மழைக்காலத்துக்குத் தனிக் கால அட்டவணை போட்டு ஓட்டுகிறார்கள். அபாயமான இடங்களில் வேகம் குறைவு. கண் தெரியாத கனமழையில் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். வண்டி தாமதமாகும், ஆனால் வந்து சேரும்.

நாமும் அப்படி ஒரு மழைக்கால அட்டவணை போட்டுக்கொள்ளலாம். வானிலைத் துறை ஒரு நாளில் 204 மில்லிமீட்டருக்கு மேல் மழையை எதிர்பார்த்தால் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கிறது. அன்று வீட்டில் கர்க்கடகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டு கதை பேசுங்கள். 115 மில்லிமீட்டரைத் தாண்டும் என்றால் ஆரஞ்சு, அரண்மனையோடு திரும்பிவிடுங்கள். மஞ்சள் என்றால் குடையோடு கிளம்புங்கள். மலைப்பக்கம் இந்த மாதங்களில் வேண்டாம். தேங்கிய நீரில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. ஒரு நாளில் ஐந்து இடம் என்ற டிசம்பர்க் கணக்கை விட்டு, இரண்டு இடம் என்று வையுங்கள். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024 முதல் வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்டது. மழையில் கண்ணாடி வழியே காயலைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலா என்றால் டிசம்பர் விடுமுறையில் பேருந்து பிடித்து எங்காவது தொலைவுக்குப் போகிறோம். அதோடு ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்த விருந்தினரையும் சேர்த்துக்கொண்டு மட்டாஞ்சேரியில் ஒரு நடை வையுங்கள். அரண்மனை, யூதத் தெரு, கடைசியில் தோபி கானா. மதிய உணவை அந்த வட்டாரத்துச் சிறிய கடையிலேயே வைத்துக்கொள்வோம். தோபி கானா குடும்பங்களை நம் பொங்கல் விழாவுக்கு மேடைக்கு அருகில் உட்கார அழைப்போம். விருந்தினராக அல்ல, நமக்கு முன்னால் வந்த மூத்த குடியினராக.

உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் மாற்றிக்கொள்வோம். தங்குமிடத்தில் ஆஃப் சீசன் வாடகை என்று அவர்களே குறைத்துச் சொல்வதை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இழுக்காதீர்கள். மிச்சம் பிடிக்கும் சில நூறு நமக்கு ஒரு வேளைச் சிற்றுண்டி. அவர்களுக்கு ஒரு வார அரிசி.

புறப்படும் நாளில் எர்ணாகுளம் டவுன் நிலையத்தில் மழை பலமாக இருந்தது. அக்கா ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருஷமா நீ எங்களை வரவிடாம வச்சிருந்த மழை இதுதானாடா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வருகிற ஆடிக்கு இப்போதே டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். ஓட்டையும் மாற்றிவிட்டேன், இந்த முறை ஏழு பேரும் என் வீட்டில்தான்.